வாய்த்தது

எனக்கு ஒன்பது வாய்.
டிரம்பெட்டின் நுனியில் செருகும் பித்தளைக் கிண்ணத்தை
எங்கள் பேண்டில் வாய் என்றுதான் சொல்வோம்.
"வாய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்று
சாக்ஸபோன் தர்மசீலன் லாரியில் அலறியபோது
சவப்பெட்டிக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

ஒன்பதும் ஒரு பிஸ்கட் டின்னில்,
ஒவ்வொன்றும் ஜோடி தொலைந்த காலுறைக்குள்.
பகலில் மில் எடைமேடையில்
செம்பனை லாரிகளை நிறுத்து டன் எழுதும் கை
இரவில் இவற்றின் விளிம்பை
மில்லிமீட்டரில் அளந்து குறித்துவைக்கும்.

பள்ளியில் தந்த ஏழு சி:
முலாம் உரிந்து, ஊதி முடித்தால் உதட்டில் பச்சை.
பினாங்கு லோரோங் குலிட்டில்
நாற்பது வெள்ளிக்கு வாங்கியது ஆழமானது;
நனைந்த மெத்தைக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் ஒலிக்கும்.
ஆழமில்லாத ஒன்று உண்டு, மேல் ஸ்தாயியில் பறக்கும்,
தகரக் கூரையில் ஆணி பிடுங்குகிற சத்தத்தோடு.
ஊதா நிறப் பிளாஸ்டிக்,
கிறிஸ்துமஸ் பவனியின் மழையிலும் குளிராது.
அவ்வளவுதான் அதன் பெருமை.
ஜெர்மனியிலிருந்து வந்ததற்கு மூன்று மாத ஓவர்டைம் போனது.
அதில் ஊதியபோது வேறொருத்தி கேட்டாள்.
நல்லவள், சுத்தமானவள்,
ஆனால் கோலக்கெட்டிலில் அவளுக்கு யாரையும் தெரியாது.

எல்லாமே முதல் வாரம் நான்தான் என்கும்.
இரண்டாம் வாரம் என் உதடு குறை கண்டுபிடித்துவிடும்.
முந்தி நிற்கும் என் முன்பல்லை
அம்மா கிளிமூக்கு என்பாள்;
அந்த இடத்தில் மட்டும் காற்று கசியும்.
"பொண்ணு பாக்கப் போறவன் தோத்தான் ஒங்கிட்ட, கிளமென்ஷியா."
தர்மசீலனுக்கு இருபது வருஷமாய் ஒரே வாய்.
பல்தடம் பதிந்து, எலி கடித்த கரும்பு மாதிரி இருக்கும்.

ஒன்பதாவது யாருடையதென்று தெரியாது.
வாடகைச் சீருடைப் பையின் அடியில் கிடந்தது.
எண் தேய்ந்து, விளிம்பு ஒருபக்கம் நெளிந்து.
சிமெண்டில் போட்டிருக்கிறார்கள்.
அதை நான் அளக்கவே இல்லை.

புதுக்கிராமத்தில் தவ்வு விற்ற அம்மாவின் சாவுக்குப் போகும்போது
சும்மா செருகிப் பார்த்தேன்.
லாரி பள்ளத்தில் துள்ளியது.
டிரம்பெட் தலைகீழாய் விழுந்து
வாய் உள்ளே இறுகிக்கொண்டது.
மூன்று பேர் இழுத்தோம்.
ஐஸ் தண்ணி, கெரப்போக் எண்ணெய்,
தர்மசீலனின் கெட்ட வார்த்தை, எதற்கும் அசையவில்லை.
தலைவர் லோ கிம் ஹுவாட் கடிகாரத்தைக் காட்டினார்.
பெட்டியைத் தூக்கியாகிவிட்டது.

ஊதினேன்.

நெளிவில் போய் உட்கார்ந்தது பல்.
கசிவு எங்கே என்று தேடினேன்,
வெயிலில் நடந்துகொண்டே, இரண்டாவது தெரு வரை தேடினேன்.
சாக்குத் துணி அணிந்த மகன்களில் ஒருவர்
திரும்பி என்னைப் பார்த்தார்.
நன்றாயிருந்ததாலா, பிசகியதாலா?
சாவு வீட்டில் கேட்கமுடியாது.

பதினோரு வாரம் ஆயிற்று.
வாயோடு சேர்ந்த டிரம்பெட்டுக்குப் பெட்டி மூடாது;
துண்டில் சுற்றி மோட்டார் கூடையில் போகிறது, குழந்தை மாதிரி.
பட்டறை யாப் கொக் வா
பேரிங் கழற்றும் திருகு வைத்திருக்கிறார்.
"கொண்டா, ரெண்டு நிமிஷம்."
அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு
அவர் கடை வரும்போதெல்லாம் முறுக்கிக்கொண்டு பறக்கிறேன்.

வாய்த்ததா, மாட்டிக்கொண்டதா
என்று தர்மசீலன் கேட்கிறான்.
டின்னில் எட்டும் காலுறைக்குள் தூங்குகின்றன.

நேற்று ஜித்ராவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.
அவர் மாமா ஊதிய வாயாம்,
அமெரிக்காவில் செய்தது, கனமானது,
ஒரு கீறல் கிடையாதாம்.

விலை கேட்டேன்.
கேட்பதில் என்ன.